சேற்றிலிருந்து கடல்கழுகு வரை: சிங்கப்பூரின் உணவுச் சங்கிலி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கும் புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கடற்கரைக்கும் தமிழ்க் குடும்பங்களை அழைத்துப் போகிறவர்களில் நானும் ஒருத்தி. அங்கே நடைபாதையில் கேட்கப்படும் கேள்விகளில் ஒரு பகுதி தொடக்கநிலை 6 அறிவியல் பாடத்திலிருந்து வரும். மற்றவை தேக்கா சந்தையிலிருந்தும் செய்தித்தாளிலிருந்தும் வீட்டு வழக்கங்களிலிருந்தும் வரும். வந்ததும் எல்லாரும் தேடுவது முதலையையும் நீர்நாயையும்தான். எனக்கோ அவற்றுக்குக் கீழே கிடக்கும் சேற்றைக் காட்டத்தான் ஆசை. இந்தத் தீவில் எந்த விலங்கு இருக்கும், எது போய்விடும் என்பதைப் பெரும்பாலும் அந்த அடித்தட்டுதான் முடிவு செய்கிறது. அதனால் கேள்வி எங்கே தொடங்கினாலும் என் பதில் கொஞ்சம் கீழே இறங்கிவிடும்.

உணவுச் சங்கிலி என்றால் சுருக்கமாக என்ன?

எது எதைத் தின்று வாழ்கிறது என்ற வரிசை. முதல் இடத்தில் இருப்பது வெயிலைப் பிடித்து உணவாக்கத் தெரிந்த உயிர்: மரம், புல், பாசி, கடலில் மிதக்கும் நுண்ணிய தாவர மிதவை உயிர்கள். வெளிச்சமே எட்டாத ஆழ்கடலில் இதற்கு விதிவிலக்குகள் உண்டு. நம் தீவைச் சுற்றி வெயில்தான் முதல்.

சுங்கை பூலோவில் ஒரு வரிசை: சேற்றின் மேல் படரும் பாசியை நண்டு தின்னும். நண்டைச் சேற்றில் துள்ளித் திரியும் மீன் தின்னும். அந்த மீனைக் கொக்கு கொத்தும். அசந்த நேரத்தில் கொக்கை முதலை பிடிக்கும்.

என் மகள் அம்புக்குறியைத் தலைகீழாகப் போடுகிறாள். எப்படிப் புரியவைப்பது?

நிறையப் பிள்ளைகள் இப்படிப் போடுவார்கள். கொக்கு மீனைப் பார்த்துப் பாய்கிறது, அதனால் அம்பு கொக்கிலிருந்து மீனுக்குப் போக வேண்டும் என்று நினைப்பார்கள். அம்பு காட்டுவது பாய்ச்சலை அல்ல, ஆற்றல் போகும் திசையை. மீனின் உடம்பில் இருந்த ஆற்றல் கொக்கின் உடம்புக்குள் போகிறது. ஆகவே தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கி அம்பு. "சாப்பாடு யார் வயிற்றுக்குப் போகிறது?" என்று கேளுங்கள். அடுத்த முறை சரியாகப் போடுவாள்.

சங்கிலி ஏன் நான்கைந்து கண்ணிகளோடு நின்றுவிடுகிறது? பத்துப் பதினைந்து இருக்கக் கூடாதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. உலகத்தில் கொசு ஏன் அதிகம், புலி ஏன் குறைவு என்பதற்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது.

ஓர் உயிர் தின்பதில் பெரும்பகுதி அதன் உடம்பாக மாறுவதில்லை. ஓட, நீந்த, மூச்சுவிட, உடம்பைச் சூடாக வைத்திருக்கச் செலவாகி, கடைசியில் வெப்பமாக வெளியேறுகிறது. கொஞ்சம் செரிக்காமல் எச்சமாகப் போகிறது. மிச்சம்தான் சதையாகிறது. அடுத்த உயிருக்குக் கிடைப்பது அந்த மிச்சம் மட்டுமே. பாடப்புத்தகத்தில் இதைப் 10 சதவீதம் என்று சொல்வார்கள். நிஜத்தில் இடத்துக்கு இடம் கூடும் குறையும், ஆனால் கணக்குப் போட 10 வசதியான எண்.

இந்தப் பார்வையைத் தெளிவாக வகுத்துத் தந்தவர் அமெரிக்க ஆய்வாளர் ரேமண்ட் லிண்டெமன். மின்னசோட்டாவில் ஒரு சிறிய ஏரியில் பாசி முதல் மீன் வரை ஆற்றல் எப்படிக் கைமாறுகிறது என்று அளந்தார். அவருடைய கட்டுரை 1942இல் வெளிவந்தது. அதை அச்சில் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 27 வயது நிறையும் முன்பே நோயில் இறந்துவிட்டார். அந்த ஒரு கட்டுரையின் மேல்தான் இன்று நம் பிள்ளைகள் படிக்கும் பாடம் நிற்கிறது.

தேக்கா சந்தையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தட்டில் ஒரு கிலோ வஞ்சிரம் இருக்கிறது. அந்த ஒரு கிலோ சதை வைக்க அது தோராயமாக 10 கிலோ நெத்திலி போன்ற சிறு மீன்களைத் தின்றிருக்க வேண்டும். 10 கிலோ நெத்திலிக்கு 100 கிலோ விலங்கு மிதவை உயிர்கள். அவற்றுக்கு 1,000 கிலோ தாவர மிதவை உயிர்கள். வஞ்சிரத்தை மட்டுமே தின்னும் ஒரு விலங்கு, அதை மட்டுமே தின்னும் இன்னொரு விலங்கு என்று மேலே ஏற்றிக்கொண்டே போனால், உச்சியில் இருப்பது ஒரு வேளை உணவுக்காகக் கடல் முழுக்க அலைய வேண்டியிருக்கும். அதற்கு மேல் கண்ணி போடக் கட்டுப்படியாகாது.

முதலையும் நீர்நாயும் இரண்டுமே மீன் தின்கின்றன. இரண்டுக்கும் ஒரே அளவு தேவையா?

இல்லை. நீர்நாய் வெப்ப ரத்த விலங்கு. அதன் உடம்பு எப்போதும் எரியும் அடுப்பு. வளர்ந்த நீர்நாய் நாளுக்குச் சுமார் ஒரு கிலோ மீன் தின்னும். அது அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. முதலை வெயிலில் கிடந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்வதால் அதன் செலவு மிகக் குறைவு, வாரக்கணக்கில் தின்னாமலும் இருக்கும். நடைபாதைப் பக்கம் அது அசையாமல் கிடந்தால் சோம்பல் என்று எண்ண வேண்டாம். அதற்காக அருகில் போகவும் வேண்டாம்.

சங்கிலி சரி. வலை என்கிறார்களே, அது என்ன?

ஒரே உயிர் பல சங்கிலிகளில் இருக்கும். நீண்டவால் குரங்கு பழம் தின்னும், பூச்சி தின்னும், கடற்கரையில் நண்டும் பிடிக்கும். இந்தச் சங்கிலிகளையெல்லாம் சேர்த்து வரைந்தால் வலை. ஓர் இழை அறுந்தாலும் மற்ற இழைகள் தாங்கும். எந்த இழை அறுந்தால் தாங்காது என்பதுதான் பின்னால் வரும் பல கேள்விகளின் விஷயம்.

சதுப்புநிலக் காட்டில் இவ்வளவு இலை இருக்கிறது. அதைத் தின்னும் விலங்குகள் ஏன் கண்ணில் படுவதில்லை?

பச்சையாகத் தின்பவை குறைவு என்பதால்தான். அலையாத்தி மரத்தின் இலை தடிப்பானது, துவர்ப்பும் உப்பும் நிறைந்தது. பெரும்பாலான இலைகள் பழுத்து விழுந்த பிறகே உணவாகின்றன. விழுந்த இலையை நண்டுகள் குழிக்குள் இழுத்துப் போய்க் கிழித்துத் தின்கின்றன. பூஞ்சையும் பாக்டீரியாவும் அதில் குடியேறுகின்றன. இலைத்துகள்மேல் படிந்த அந்தப் பாக்டீரியாதான் புழுவுக்கும் நத்தைக்கும் இறாலுக்கும் சத்து. இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் வேர்களின் இடுக்கு ஒளிவிடமும் ஆகிறது. வளர்ந்ததும் அவற்றில் பல கடலுக்குப் போகின்றன.

ஆற்றல் ஒரு பக்கமாகத்தான் போகும். வெயிலாக வந்தது வெப்பமாகப் போய்விடும், திரும்பி வராது. நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகள் அப்படி இல்லை. மரத்திலிருந்து சேற்றுக்கு, சேற்றிலிருந்து புழுவுக்கு, மறுபடி மரத்துக்கு என்று சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுற்றை நடத்துபவை மட்கச் செய்யும் உயிர்கள். தேர்வுத்தாளில் அவற்றை ஓரமாக ஒரு பெட்டியில் எழுதிவிட்டுப் போகிறோம். என்னைக் கேட்டால் படத்தின் நடுவில் எழுத வேண்டியவை அவை.

புக்கிட் தீமா காட்டிலும் இதே கதைதான். அங்கே மண் பார்க்கக் கறுப்பாகச் செழிப்பாக இருக்காது. வெப்பமண்டல மழைக்காட்டில் சத்தின் பெரும்பங்கு மண்ணில் தங்குவதில்லை, உயிருள்ள மரங்களுக்குள்ளேயே இருக்கிறது. இலை விழுந்ததும் கறையானும் பூஞ்சையும் பிரித்து வைக்க, வேர்கள் உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. அதனால்தான் அப்படிப்பட்ட காட்டை வெட்டி விவசாயம் செய்தால் மண் சீக்கிரம் களைத்துப்போகிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவின் காடுகளைக் காம்பியர் (தோல் பதனிடப் பயன்பட்ட செடி), மிளகுத் தோட்டங்களுக்காக அழித்தார்கள். மண் வலுவிழந்ததும் தோட்டத்தைக் கைவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள்.

ஆண்டுதோறும் சுங்கை பூலோவுக்குப் பறவைகள் எங்கிருந்து வருகின்றன, எதற்கு?

சைபீரியா, மங்கோலியா, அலாஸ்கா பக்கமிருந்து. சுமார் செப்டம்பர் முதல் மார்ச் வரை அவற்றை இங்கே பார்க்கலாம். வடக்கே குளிர் வந்ததும் தரை உறைந்து உணவு கிடைக்காமல் போகும். அவை கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியா வரை நீளும் வான்வழியில் தெற்கே பறக்கின்றன. சில பறவைகள் இங்கே இறங்கிக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டு மேலே போகின்றன, சில மார்ச் வரை இங்கேயே தங்குகின்றன. செங்கால் உள்ளான், பொன்னிறப் புள்ளிகள் கொண்ட உப்புக்கொத்தி போன்றவற்றை எளிதாகப் பார்க்கலாம்.

அவற்றுக்கு வேண்டியது சேற்றுக்குள் இருக்கும் புழு, சிறு நத்தை, நண்டு. ஒவ்வொரு இனத்தின் அலகும் ஒவ்வொரு நீளம், ஆகவே ஒவ்வொன்றும் சேற்றின் வேறு வேறு ஆழத்தில் இரை தேடும். ஒரே சேற்றில் இத்தனை இனங்கள் அடித்துக்கொள்ளாமல் மேய முடிவது அதனால்தான்.

நாம் இங்கே சேற்றைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. வழியில் சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவே மஞ்சள் கடலின் கரையில் இருந்த சேற்றுவெளிகள் பெருமளவு தூர்க்கப்பட்டுவிட்டன. நடுவழிச் சாப்பாடு இல்லாத பறவை இங்கே வந்து சேராது. சுங்கை பூலோ 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002இல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வனப்பகுதியானது. அந்த முடிவின் பலனை உறுதிசெய்ய ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலும் யாரோ ஒரு சேற்றைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

நீர்நாய்களை யார் கொண்டுவந்து விட்டார்கள்?

யாரும் விடவில்லை. தாமாக வந்தன.

1970களில் சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் பன்றிப் பண்ணைக் கழிவும் குப்பையும் எண்ணெயும் கலந்து நாறிக்கொண்டிருந்தன. அங்கே மீன் இல்லை, மீன் தின்பவையும் இல்லை. 1977இல் பிரதமர் லீ குவான் இயூ பத்தாண்டுக்குள் ஆறுகள் சுத்தமாக வேண்டும் என்று கேட்டார். 1987இல் அந்த வேலை நிறைவேறியது. அப்புறம் மீன் வந்தது. 1998இல் ஒரு நீர்நாய் ஜோடி சுங்கை பூலோவில் தங்கியது. ஜொகூர் நீரிணையைக் கடந்து வந்தவை என்று கருதுகிறார்கள்.

பிறகு பீஷான்–அங் மோ கியோ பூங்கா. அங்கே 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்க்கோடாகக் கிடந்த கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டருக்கு வளைந்து ஓடும் ஆறாக மாற்றினார்கள். 2012இல் வேலை முடிந்தது. கரையில் புல்லும் கல்லும் வந்ததும் பூச்சி வந்தது, பூச்சிக்கு மீன், மீனுக்கு நாரை. சில ஆண்டுகளில் நீர்நாய்க் குடும்பமே வந்துவிட்டது. இப்போது மரினா பே வரைக்கும் உலாவுகின்றன. தனியார் வீட்டுக் குளத்தில் விலை உயர்ந்த கோய் மீன்களைத் தின்றுவிட்டன என்று வருத்தப்படுபவர்களும் இருக்கிறார்கள். அந்த வருத்தம் நியாயமானதுதான். குளத்துக்கு வேலி போடுவதே அதற்கு வழி. நீர்நாய்க்கு அது வேலியில்லாத இன்னொரு குளம், அவ்வளவுதான்.

புலி இல்லாமல் போனதால் இந்தக் காட்டில் என்ன மாறியது?

19ஆம் நூற்றாண்டில் தோட்டத் தொழிலாளர்களைப் புலி அடித்த செய்திகள் அடிக்கடி வந்த ஊர் இது. 1930களோடு இங்கே புலியின் கதை முடிந்தது. நிலத்தில் வாழும் பெரிய வேட்டை விலங்கு என்று இப்போது மிஞ்சியிருப்பது வலைத்தோல் மலைப்பாம்புதான். நகர்ப்புறத்தில் அதன் முக்கிய உணவு எலி. அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மலைப்பாம்பு கண்டால் பயப்படுவது இயல்பு. அது அங்கே வந்தது எலிக்காகத்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வளர்ந்த காட்டுப்பன்றியை வேட்டையாட இப்போது எதுவும் இல்லை. பன்றி மண்ணைக் கிளறும், விதைகளைத் தின்னும், குட்டி போடும் நேரத்தில் இளம் மரக்கன்றுகளை ஒடித்துக் கூடு அமைக்கும். எண்ணிக்கை எல்லை மீறினால் காட்டில் அடுத்த தலைமுறை மரங்கள் முளைப்பது குறையும். உச்சியில் ஓர் இடம் காலியானதன் விளைவு தரையில் உள்ள கன்று வரை இறங்கிவருகிறது. ஆனால் 735 சதுர கிலோமீட்டர் நகரத்தில் புலியைத் திரும்பக் கொண்டுவர இடமில்லை என்பதும் உண்மைதான். அந்த வேலையை மனிதர்தான் பார்த்து நிர்வகிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு சாலை போட்டால் உணவு வலை அறுந்துவிடுமா?

அறுந்தது. 1986இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை திறக்கப்பட்டபோது, புக்கிட் தீமா காடு நடுவண் நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து துண்டானது. எறும்பும் கறையானும் தின்று வாழும் அழுங்கு சாலையைக் கடக்கும்போது அடிபட்டது. 2013இல் சாலைக்கு மேல் மரம் நட்ட பாலம் ஒன்று கட்டி முடிக்கப்பட்டது. இப்போது அழுங்கு உட்படப் பல விலங்குகள் அதன் வழியே கடக்கின்றன. மண்டாயிலும் 2019இல் இப்படி ஒரு பாலம் வந்தது.

பறவைக்குப் பாலம் வேண்டாம், மரப்பொந்து வேண்டும். இங்கிருந்து மறைந்துபோன கறுப்பு வெள்ளை இருவாட்சி 1994இல் புலாவ் உபினில் மறுபடி தென்பட்டது. கூடு கட்டப் பெரிய பொந்துள்ள மரங்கள் குறைவாக இருந்ததால் செயற்கைக் கூடுகள் வைக்கப்பட்டன. இப்போது நகரப் பூங்காக்களிலும் அதைப் பார்க்கிறோம். பெரிய பழங்களை விழுங்கி, விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடும் வேலையை இருவாட்சி செய்கிறது.

தண்ணீரில் உப்பு கொஞ்சம் கூடினால் குறைந்தால் அவ்வளவு பாதிப்பா?

செக் ஜாவாவில் நடந்ததைச் சொல்கிறேன். புலாவ் உபினின் கிழக்கு முனையில் உள்ள அந்தக் கடற்கரையைத் தூர்க்கத் திட்டம் இருந்தது. இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் குரல் கொடுத்த பிறகு, 2001 முடிந்து 2002 பிறக்கும் நேரத்தில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மனிதரிடமிருந்து தப்பிய அந்த இடத்தை அடுத்து மழை தாக்கியது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் பெருவெள்ளம். ஜொகூர் ஆறு கொண்டுவந்த நன்னீர் செக் ஜாவாவின் மேல் பரவி உப்பின் அளவைச் சட்டென்று குறைத்தது. கம்பளம் போல விரிந்து கிடந்த கடற்சாமந்திகள் வெளுத்தன. கடற்பஞ்சுகளும் நட்சத்திர மீன்களும் கூட்டமாகச் செத்தன.

நகர முடிந்தவை தப்பின, நகர முடியாதவை மாட்டின. பிறகு உயிர்கள் மெல்ல மெல்லத் திரும்பின. சுற்றியுள்ள கடலில் அவற்றின் இனம் மிஞ்சியிருந்ததால்தான் அது நடந்தது.

எல்லாருக்கும் அந்த வசதி இல்லை. சிங்கப்பூரில் மட்டுமே வாழும் ஒரு சிறிய நன்னீர் நண்டு இனம் இருக்கிறது. சில ஓடைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. புக்கிட் தீமாவில் அது குறைந்ததற்கு ஓடை நீரில் அமிலத்தன்மை கூடியது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள். அந்த ஓடைகள் கெட்டால் அந்த நண்டு வேறெங்கிருந்தும் திரும்பி வராது.

கடல் சூடானால் பவளம் ஏன் வெளுக்கிறது?

பவளம் ஒரு விலங்கு. அதன் உடம்புக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. வெயிலைப் பிடித்துச் சர்க்கரை செய்து, பவளத்துக்குத் தேவையான ஆற்றலின் பெரும்பகுதியைத் தருவது அந்தப் பாசி. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அதனால்தான். தண்ணீர் வாரக்கணக்கில் வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சூடாக இருந்தாலே இந்தக் கூட்டு முறிந்து பாசி வெளியேறுகிறது. பவளம் வெண்மையாகிறது. உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கிறது. தண்ணீர் குளிர்ந்து பாசி திரும்பினால் பிழைக்கும்.

சிங்கப்பூர்க் கடலில் 1998, 2010, 2016, 2024 ஆண்டுகளில் பெரிய அளவில் வெளுப்பு நடந்தது. இந்தப் பவளங்களுக்கு ஏற்கனவே இன்னொரு கஷ்டமும் உண்டு. கடலைத் தூர்ப்பதாலும் அடியைத் தோண்டுவதாலும் தண்ணீர் கலங்கி, வெளிச்சம் சில மீட்டருக்குக் கீழே போவதில்லை. பவளங்கள் கரையோரம் ஆழமில்லாத பகுதியிலேயே நெருக்கிக்கொண்டு வாழ்கின்றன. இத்தனைக்கும் பிறகு 250 இனங்களை ஒட்டிய கடினப் பவளங்கள் இங்கே இருப்பதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்புதான்.

அடித்தட்டில் உணவு நிறைய இருந்தால் நல்லதுதானே?

அளவோடு இருந்தால். ஜொகூர் நீரிணையில் 2015 தொடக்கத்தில் மிதவை உயிர்கள் திடீரென்று பெருகின. மிதக்கும் பண்ணைகளில் வளர்த்த மீன்கள் 500 டன்னுக்கும் மேல் செத்தன. அதற்கு முந்தின ஆண்டும் இது போல நடந்தது. நிலத்திலிருந்து வரும் சத்துக் கழிவு, வெப்பம், நீர் அதிகம் புரளாத நாட்கள் எல்லாம் ஒன்றுசேரும்போது பாசி கட்டுக்கடங்காமல் பெருகும். அதைத் தின்னும் உயிர்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. சில வகைப் பாசி மீனின் செவுளைக் கெடுக்கும். பெருகியது செத்து மட்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும். கடலில் தன்போக்கில் திரியும் மீன் நீந்தித் தப்பலாம், கூண்டில் இருக்கும் மீனால் முடியாது. பண்ணைக்காரர்கள் ஒரே இரவில் பல மாத உழைப்பை இழந்தார்கள்.

2024 எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு கடற்கரை சுத்தமாகத் தெரிகிறது. எல்லாம் சரியாகிவிட்டதா?

2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங்கில் தூர்வாரும் கப்பல் ஒன்று எரிபொருள் கப்பலில் மோதியதில் சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கலந்தது. செந்தோசா, லாப்ரடோர், ஈஸ்ட் கோஸ்ட் கரைகளில் படிந்தது. மணலின் மேல் இருந்ததை அள்ளிவிட்டார்கள். பாறை இடுக்கிலும் சேற்றிலும் இறங்கும் எண்ணெய் மெதுவாகத்தான் சிதையும். அங்கே வாழும் நத்தையும் நண்டும் புழுவும் எப்படி இருக்கின்றன என்று பல ஆண்டுகள் பார்த்தால்தான் உண்மை தெரியும். கரை வெள்ளையாக இருப்பதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

கொசுவை ஒழித்தால் அதைத் தின்பவை பட்டினி கிடக்காதா?

இங்கே குறிவைக்கப்படுவது எல்லாக் கொசுவும் அல்ல, டெங்கி பரப்பும் ஏடிஸ் எஜிப்தி. அது ஆப்பிரிக்காவிலிருந்து மனிதரோடு பரவிய இனம். நம் வீட்டுப் பூந்தொட்டித் தட்டிலும் வாளியிலும் முட்டையிடும். தும்பியும் பல்லியும் அதை நம்பி வாழவில்லை, அவற்றுக்கு வேறு பூச்சிகள் ஏராளம். 2016இல் தொடங்கிய திட்டத்தில் வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஆண் கொசுக்களை விடுகிறார்கள். அவற்றோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. ஆண் கொசு கடிக்காது. மருந்துப் புகை எல்லாப் பூச்சியையும் கொல்லும், இந்த முறை ஓர் இனத்தை மட்டும் தொடுகிறது. அதனாலேயே எனக்கு இதில் நம்பிக்கை அதிகம்.

பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுக்கலாமா?

பால் சுறா கொடுப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம், அன்போடு செய்வது. ஆனால் உணவுச் சங்கிலி இங்கே குறுக்கே வருகிறது. கடலில் கலக்கும் பாதரசம் நுண்ணுயிர்களால் மீத்தைல் பாதரசமாக மாறுகிறது. அது உடம்பை விட்டு எளிதில் வெளியேறாது. ஆற்றல் ஒவ்வொரு படியிலும் குறைந்துகொண்டே போகிறது, இந்த நஞ்சோ ஒவ்வொரு படியிலும் செறிந்துகொண்டே போகிறது. நிறைய நாள் வாழ்ந்து நிறைய மீன் தின்ற சுறாவிலும் வாள்மீனிலும் அது அதிகம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இப்படிப்பட்ட மீன்களைத் தவிர்க்கும்படிதான் பல நாடுகளின் மருத்துவ ஆலோசனை. அதே சத்துக்கு நெத்திலியும் மத்தியும் இருக்கின்றன, இவை சங்கிலியின் கீழ்ப்படியில் வாழ்பவை. பாட்டியிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைப்பதும், வேண்டுதலுக்கு மீனோ ஆமையோ நீர்த்தேக்கத்தில் விடுவதும் தவறா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் தயக்கத்தோடு கேட்கிறார்கள். எண்ணம் நல்லது, இந்த ஊரில் விளைவு வேறு. 2020 ஜூன் முதல் நடப்பிலுள்ள வனவிலங்குச் சட்டப்படி காக்கை, புறா, குரங்கு, காட்டுப்பன்றி போன்றவற்றுக்குத் தீனி போடுவது குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். மனிதர் தரும் உணவு ஓர் இனத்தைக் காடு தாங்கும் அளவுக்கு மேல் பெருக்கிவிடும். குரங்கு பையைப் பிடுங்கப் பழகும், பழம் தேடிக் காட்டுக்குள் போய் விதை பரப்பும் வேலை குறையும்.

நீரில் விடுவது இன்னும் மோசம். செல்லப் பிராணியாக விற்கப்படும் செங்காது ஆமை அமெரிக்காவைச் சேர்ந்தது. இங்குள்ள நன்னீர்க் குளங்களில் அது பெருகி உள்ளூர் ஆமையின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் எடுத்துக்கொள்கிறது. விடப்படும் பல உயிர்கள் அன்றே செத்தும் போகின்றன. வீட்டில் முன்னோருக்குப் படைத்து, அதைக் குடும்பத்தோடு சாப்பிடுங்கள், யாருக்காவது அன்னதானம் கொடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம்.

கடல்மட்டம் உயர்ந்தால் சதுப்புநிலக் காடு என்ன ஆகும்?

1819 வாக்கில் இந்தத் தீவின் பரப்பில் சுமார் 13 சதவீதம் சதுப்புநிலக் காடாக இருந்தது என்று மதிப்பிடுகிறார்கள். இன்று 1 சதவீதத்துக்கும் குறைவு. உலக நாடுகள் கரியமில வாயுவைக் குறைக்காவிட்டால் 2100க்குள் இங்கே கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்பது 2024இல் வெளியான தேசியப் பருவநிலை ஆய்வின் கணிப்பு. கடல் மெதுவாக ஏறினால் அலையாத்தி மரங்கள் வண்டலைச் சேர்த்துச் சேர்த்துத் தரையை உயர்த்திக்கொள்ளும், அல்லது தலைமுறை தலைமுறையாக நிலப்பக்கம் நகரும். இங்கே பின்னால் தடுப்புச்சுவரும் சாலையும் நிற்கின்றன, நகர இடமில்லை. காடு கடலுக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கும். கரையைக் காக்கச் சுவர் கட்டும்போதே மரத்துக்கும் சேற்றுக்கும் கொஞ்சம் இடம் விட்டுக் கட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அலையின் வேகத்தைக் குறைத்துச் சுவருக்கு உதவுவதும் அந்த மரங்கள்தான்.

இதையெல்லாம் பிள்ளைகளுக்கு எங்கே காட்டலாம்?

சுலபமானது பாசிர் ரிஸ் பூங்காவின் சதுப்புநில நடைபாதை. தள்ளுவண்டியோடும் போகலாம், நண்டும் துள்ளும் மீனும் நிச்சயம். பறவைக்குச் சுங்கை பூலோ, செப்டம்பருக்குப் பிறகு. செக் ஜாவாவுக்குச் சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து படகு பிடித்து உபினுக்குப் போய், அங்கிருந்து சைக்கிளிலோ வேனிலோ போக வேண்டும். படகில் 12 பேர் சேர்ந்ததும் புறப்படும். காசு நோட்டாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போனாலும் கடல் வற்றும் நேரத்தை முதலில் பாருங்கள். நீர் ஏறியிருந்தால் சேறு மூடிவிடும், பார்க்க ஒன்றும் இருக்காது. தண்ணீர் வற்றத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் போனால் இரை தேடும் பறவைகளும் கிடைக்கும். தொப்பி, தண்ணீர், கொசு விரட்டி வேண்டும். நடைபாதையை விட்டு இறங்க வேண்டாம், சிப்பியோ நண்டோ வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம். சிறு பிள்ளைகள் என்றால் ஒரு சதுர மீட்டர் சேற்றில் எத்தனை குழிகள் என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடிப்பதற்குள் அவர்களே அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவார்கள்.